அந்த வெள்ளைப் பூச்சு தொட்டியில் வராது

சிலி நாட்டின் வடக்குக் கடற்கரையில் தால்தால் என்று ஒரு சிறிய துறைமுக ஊர். அதைச் சுற்றியுள்ள மொட்டைக் குன்றுகளில் ஒரு கள்ளி ஆயிரக்கணக்கில் நிற்கிறது. உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. முட்கள் கறுப்பு. உச்சியில் அடர்ந்த ரோமம், அதைத் துளைத்துக்கொண்டு வரும் சின்ன மஞ்சள் பூக்கள். எல்லாச் செடிகளும் ஒரே பக்கமாக, வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் பெயர் கோப்பியாப்போவா சினெரியா.

நான் சிலிக்குப் போனதில்லை. எனக்குத் தெரிந்த கோப்பியாப்போவாக்கள் கோவையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், வலைக்கூரைக்குக் கீழே சிறு தொட்டிகளில் இருப்பவை. விதையிலிருந்து வளர்ந்தவை. அவற்றில் சினெரியாவும் உண்டு. ஆனால் அது வெள்ளையாக இல்லை, பச்சையாக இருக்கிறது. முள் கறுப்புதான், உச்சியில் ரோமமும் இருக்கிறது, அந்த வெள்ளை மட்டும் இல்லை. லேசாகச் சாம்பல் படர்ந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி "இதுதான் அது" என்றால் நம்ப மாட்டார்கள். இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது. அது வளர்ப்பவரின் திறமை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கோப்பியாப்போவா என்ற இந்தப் பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தின், தலையெழுத்தே அந்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

கோப்பியாப்போவா என்ற பெயர் கோப்பியாப்போ என்ற ஊரிலிருந்து வந்தது. 2010-இல் 33 சுரங்கத் தொழிலாளர்கள் 69 நாட்கள் பூமிக்கடியில் சிக்கிக்கிடந்து உயிரோடு மீண்டார்களே, அந்தச் சான் ஹோசே சுரங்கம் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். செம்பும் வெள்ளியும் எடுக்கிற பூமி. டார்வின்கூட பீகிள் கப்பல் பயணத்தின்போது 1835-இல் இந்தப் பள்ளத்தாக்கு வரை வந்து போயிருக்கிறார். இந்தக் கள்ளிகளைத் தனிப் பேரினமாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் நதானியேல் பிரிட்டன், ஜோசப் ரோஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள், 1922-இல். அதற்கு முன்பே சினெரியாவை உலகுக்குச் சொன்னவர் ருடால்ஃப் அமாண்டோ ஃபிலிப்பி. ஜெர்மனியில் பிறந்து சிலியில் குடியேறியவர். சிலி அரசு 1853-54-இல் அவரை அட்டகாமா பாலைவனத்தை ஆராய அனுப்பியது. அந்தப் பயணத்தில் பார்த்த செடியை 1860-இல் விவரித்து எழுதினார்.

இன்று இந்தப் பேரினத்தில் முப்பது சொச்சம் இனங்கள். சரியான எண்ணிக்கையில் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். 1950-களில் அங்கே சுற்றித்திரிந்த ஃப்ரீட்ரிக் ரிட்டர் என்ற ஜெர்மானியர், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் கொஞ்சம் மாறித் தெரிந்ததற்கெல்லாம் தனிப்பெயர் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றில் பலவற்றைச் சேர்த்தார்கள், பிறகு மரபணு ஆய்வுக்காரர்கள் வந்து சிலவற்றை மறுபடி பிரித்தார்கள். வளர்க்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி, தொட்டியில் குத்திய சீட்டை எத்தனை தடவைதான் மாற்றி எழுதுவது? ஒன்றில் மட்டும் குழப்பமே இல்லை. எல்லா இனங்களும் சிலிக்கு மட்டுமே சொந்தம். கடலோரத்தை ஒட்டிய ஒரு குறுகலான பட்டை, அன்டோஃபகாஸ்டா, அட்டகாமா, கோக்கிம்போ என்ற மூன்று மாகாணங்கள், முடிந்தது. சில இனங்களுக்கு ஒரு மலைச்சரிவும் அதன் அடிவாரமும்தான் மொத்த உலகமே.

ஏன் கடலோரம் மட்டும்? அட்டகாமாவின் அந்தப் பகுதியில் மழை என்பது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். சில ஆண்டுகள் ஒரு துளிகூட விழாது. மழை மறைவுப் பகுதி என்று சொல்லப்படும் எங்கள் கோவையே 600 மில்லிமீட்டருக்கு மேல் வாங்குகிறது. அங்கே செடிக்குச் சோறு போடுவது மூடுபனி. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கமஞ்சாக்கா என்பார்கள். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த கடலுக்கு மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்து, ஈரத்தோடு கீழேயே தங்கிவிடுகிறது. அதன் தலைக்கு மேலே சூடான வறண்ட காற்று மூடிபோட்டு நிற்பதால் மேகம் உயர்ந்து மழையாக வழியே இல்லை. கடலை ஒட்டிச் சுவராக நிற்கும் மலைத்தொடரில் போய் மோதுகிறது. மோதும் உயரத்தில் இருக்கும் பாறை, முள், பாசி எல்லாம் நனைகின்றன. அந்த உயரத்துக்கு மேலே போனாலும் வறட்சி, மலையைத் தாண்டி உள்ளே போனாலும் வறட்சி.

இந்தப் பனியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று சந்தேகம் வரலாம். கோக்கிம்போ மாகாணத்தில் எல் தோஃபோ என்ற குன்றின் மேல் 1980-களின் கடைசியில் வரிசையாகப் பெரிய வலைகளைக் கட்டினார்கள். வலையில் படிந்த பனித்துளிகள் வழிந்து குழாயில் இறங்கி, 1992-இலிருந்து கீழே இருந்த சுங்குங்கோ என்ற மீனவர் கிராமத்துக்குப் போயின. நாளொன்றுக்குச் சராசரியாக 15,000 லிட்டர். முன்னூறு பேர் வாழ்ந்த ஊருக்கு லாரித் தண்ணீரைவிட அது மேல். பத்தாண்டுகளில் பராமரிப்பார் இல்லாமல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது வேறு கதை. வலைக்கு இவ்வளவு கிடைக்கிறது என்றால் முள்ளுக்கும் கொஞ்சம் கிடைக்கும். கோப்பியாப்போவாவின் முள்ளில் படியும் துளிகள் முள் நுனியிலிருந்து அடியை நோக்கி நகர்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அடிக்கு வந்தது உடம்பில் வழிந்து தரையில் சொட்டும். மேல்மண்ணில் பரவிக் கிடக்கும் மெல்லிய வேர்கள் அதை வெயில் ஏறுவதற்குள் உறிஞ்சிவிட வேண்டும்.

மற்றக் கள்ளிகளைப் போலவே இதுவும் இரவில்தான் மூச்சு விடும். பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் இருக்கிற நீரும் போய்விடும் என்பதால், இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் கதவை அடைத்துக்கொண்டு அதைச் சர்க்கரையாக்கும். இதற்கு இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தால்தால் பக்கம் கடல் தயவால் அது எப்போதும் கிடைக்கும். நம் ஊர்ச் சித்திரை மாதத்து இரவில், பதினொரு மணிக்கும் மாடித் தளம் சுடும்போது, இந்தச் செடி சும்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் "வெயில் காலமாயிற்றே" என்று இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். கள்ளி செத்துப்போகிறது என்று புலம்பும் பாதிப் பேர் இந்த இரக்கத்தால்தான் கொல்கிறார்கள்.

வடக்கே சாய்வது ஏன் என்பதை 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் அறிவியலாளர்கள் அங்கேயே போய் வெப்பமானி குத்தி அளந்தார்கள். தால்தால் மகர ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் நண்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்குப் பக்கம்தான். செடி வடக்கே சாய்ந்தால் உச்சி நேராகச் சூரியனைப் பார்க்கும், பக்கவாட்டு உடம்பில் வெயில் குறைவாக விழும். காற்றின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதே உச்சிப் பகுதி 30 டிகிரியைத் தாண்டுகிறது. புதுத் திசு வளர்வதும் மொட்டு வைப்பதும் உச்சியில்தான், அதற்குச் சூடு தேவை. சூடு தேவைப்படாத மீதி உடம்பு தப்பித்துக்கொள்கிறது. குளிர்ந்த பனிக்குள் வாழும் பாலைவனச் செடிக்கு இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! கோவையில் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே சித்திரை முதல் ஆவணி வரை நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும், மீதி மாதங்களில் தெற்கே. என் செடிகள் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கின்றன.

சரி, அந்த வெள்ளைக்கு வருவோம்.

அது மெழுகு. தோலுக்கு மேல் செடியே சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகுப் படலம். வெயிலைத் திருப்பி அனுப்பும், நீர் ஆவியாவதைக் குறைக்கும். கடுமையான வெயில், குளிர்ந்த காற்று, தட்டுப்பாடான நீர், மிக மெதுவான வளர்ச்சி எல்லாம் ஒன்றுசேரும்போது அது தடித்துக்கொண்டே போகும். விரல் பட்டால் அழியும், அழிந்த இடத்தில் திரும்ப வராது. தொட்டியில் வளர்க்கும்போது நாம் தண்ணீர் தருகிறோம், உரம் தருகிறோம், நிழல்வலை போடுகிறோம். செடி வேகமாக வளர்ந்து பச்சையாகவே இருக்கிறது. வெயிலைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்து ஓரளவு சாம்பல் நிறம் கொண்டுவரலாம். வறண்ட காற்றும் கடும் வெயிலும் உள்ள இடங்களில் இருப்பவர்கள் ஓரளவு வெற்றியும் பெறுகிறார்கள். ஆனால் பாலைவனத்துச் செடியின் அந்தத் தடித்த வெள்ளை, அதன் கீழே அடிப்பாகத்தில் காய்ந்து கறுத்துப்போன தோல், கோணல்மாணலான உடம்பு, இவை பல பத்தாண்டுகள் காற்றிலும் பனியிலும் நின்றால்தான் வரும். பெரிய கொத்துகளுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள்.

சேகரிப்பாளர்களில் ஒரு கூட்டத்துக்கு வேண்டியது அந்தத் தோற்றம்தான். அதை நாற்றங்காலில் உற்பத்தி செய்ய முடியாது. அப்புறம் என்ன, மலையில் இருப்பதைத்தான் பிடுங்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் இத்தாலியின் அட்ரியாட்டிக் கடலோர ஊரான செனிகாலியாவில் போலீஸார் ஒரு வீட்டைச் சோதனையிட்டார்கள். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள். பெரும்பாலும் கோப்பியாப்போவா, கொஞ்சம் எரியோசைசி என்ற இன்னொரு கள்ளிப் பேரினம். எல்லாம் சிலியின் பாலைவனத்திலிருந்து தோண்டி எடுத்தவை. மதிப்பு பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். 'ஆபரேஷன் அட்டகாமா' என்று பெயர் பெற்ற இந்த வழக்கில்தான், கள்ளி திருடு போகும் என்பதே பலருக்கு முதல்முறை தெரிந்தது. யானைத் தந்தம் கடத்துகிறார்கள் என்றால் புரிகிறது, கள்ளிச்செடியையா?

ஆமாம், கள்ளிச்செடியைத்தான். தந்தத்தைவிட இது வசதி. மண்ணை உதறி, வேரை வெட்டி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் போட்டால் மாதக்கணக்கில் சாகாது. சத்தம் போடாது, நாற்றமடிக்காது. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கிறவருக்கு இது எந்த இனம் என்று தெரியவும் போவதில்லை. கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதுமே 1975 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. இரண்டாம் இணைப்பில் இருக்கும் கோப்பியாப்போவாவை நாடு விட்டு நாடு அனுப்ப ஏற்றுமதி அனுமதி வேண்டும். சட்டம் இருக்கிறது, அதை அமல்படுத்தக் கள்ளி தெரிந்த ஆள் வேண்டுமே.

பிடிபட்ட செடிகளில் நூற்றுச் சொச்சம் செத்துப்போயின. எண்பது சொச்சத்தை ஆய்வுக்காக மிலானில் வைத்துக்கொண்டார்கள். மீதி 844 செடிகள் 2021 ஏப்ரலில் விமானமேறிச் சிலிக்குத் திரும்பின. நல்ல முடிவு என்று தோன்றும். ஆனால் திரும்பி வந்தவற்றை அப்படியே எடுத்துப்போய்ப் பழைய இடத்தில் நட முடியாது. எந்தச் செடி எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று திருடியவனைத் தவிர யாருக்கும் தெரியாது. தவறான பள்ளத்தாக்கில் நட்டால் அங்கிருக்கும் இனத்தோடு கலந்துவிடும். ஐரோப்பியத் தொட்டிமண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பூஞ்சையும் பூச்சியும் வேறு. முதலில் தனிமைப்படுத்தி வைத்துத்தான் எதையும் யோசிக்க முடியும். வேரோடு பிடுங்கிய அந்த ஒரு நிமிடமே அந்தச் செடியின் காட்டு வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

2024-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது, கோப்பியாப்போவா இனங்களில் 82 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. 2013-இல் அது 55 சதவீதம். பத்துச் சொச்சம் ஆண்டுகளில் இந்த ஏற்றம். காரணங்களில் கடத்தலோடு, சமூக ஊடகங்கள் ஊதிப் பெருக்கிய மோகத்தையும் சொன்னார்கள். சாலைகள், வீட்டுக் கட்டுமானங்கள், மாறும் பருவநிலை ஆகியவையும் உண்டு. திருட்டுச் செடியை அடையாளம் காண்பது கடினமில்லை என்றும் அந்த நிபுணர்கள் சொன்னார்கள்: சாம்பல் நிறமும் தூசி படிந்தது மாதிரியான பூச்சும் இருந்தால் அது பாலைவனத்துச் செடி, பச்சையாக இருந்தால் வளர்த்த செடி. என் மாடியில் பார்வையாளர்கள் உதடு பிதுக்கும் பச்சைதான் அதன் நன்னடத்தைச் சான்றிதழ். இதைப் படித்த பிறகு எனக்கு அந்தச் செடியின் மேல் மதிப்பு கூடிவிட்டது, பொய் சொல்வானேன்.

இன்ஸ்டாகிராமில் இன்றைக்கும் 'பழைய செடி', 'இறக்குமதி' என்ற குறிப்போடு வெள்ளைக் கோப்பியாப்போவாக்களின் படங்கள் ஓடுகின்றன. ஜப்பானிய, தாய்லாந்துத் தொட்டிக்காரர்கள் செய்யும் கறுப்பு மட்பாண்டத்தில், மேலே ஒழுங்காகப் பரப்பிய சரளைக் கற்களோடு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. அடிப்பாகத்தைக் காட்டும் படம் இருந்தால் உற்றுப் பாருங்கள். தடித்த வேர் வெட்டிய தழும்பிலிருந்து புதிதாக மெல்லிய வேர்கள் கிளம்பியிருக்கும். விதையிலிருந்து தொட்டியிலேயே வளர்ந்த செடிக்கு அப்படி ஒரு தழும்பு இருக்கக் காரணமே இல்லை.

கடத்தல்காரர்கள் இல்லாவிட்டால் இந்தக் கள்ளிகள் நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. வடக்குப் பகுதியில் கோப்பியாப்போவா சோலாரிஸ் என்ற இனம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான தலைகள் சேர்ந்து பெரிய மேடாக வளரக்கூடியது. அதன் கொத்துகள் பல இடங்களில் செத்து, முள்கூடு மட்டும் நிற்கிறது. யாரும் தொடவில்லை, பனிதான் போதவில்லை. வறண்ட காலங்களில் குவானகோ என்ற காட்டு ஒட்டக இனமும் பசி பொறுக்காமல் இவற்றைக் கடித்துத் தின்கிறது. மூத்த செடி ஒன்று போனால் அதன் இடத்தை நிரப்ப நாற்று முளைக்க வேண்டும். அந்த மண்ணில் நாற்று பிழைக்க, அடுத்தடுத்து நல்ல ஈரமான பருவங்கள் அமைய வேண்டும். அது எப்போதாவது நடப்பது. அதனால்தான் நூறு செடி நிற்கும் சரிவிலிருந்து பத்தைப் பிடுங்குவது பத்து சதவீத இழப்போடு நிற்பதில்லை. விதை கொடுக்கும் கிழவிகளைத்தான் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள்.

இனி, மாடியில் வளர்க்க நினைப்பவர்களுக்கு. வெள்ளை மோகத்தை விட்டுவிட்டால் இந்தப் பேரினத்தில் நமக்கு ஒத்துவரும் சின்னச் செடிகள் உண்டு. ஹைபோகியா என்றொரு இனம், சனியாரல் ஊர்ப்பக்கத்துக்காரி. காட்டில் பாதி உடம்பை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு, மண் நிறத்திலேயே, கண்ணுக்குத் தப்பி வாழும். கீழே கிழங்கு மாதிரி தடித்த வேர், அதில்தான் அதன் சேமிப்பு. அதன் 'லிசர்ட் ஸ்கின்' என்ற வளர்ப்பு வகை, சொரசொரத்த தோலுக்காக உலகம் முழுக்கப் பிரபலம். டெனுயிசிமா கறுப்பு உடம்பும் வெள்ளை ரோமமுமாக, சில சென்டிமீட்டர் விட்டத்திலேயே பூத்துவிடும். மிகச் சிறியது லாவுயி, ஒவ்வொரு தலையும் விரல்நகம் அளவுதான் இருக்கும். இவற்றின் அழகு வயதிலோ மெழுகிலோ இல்லை, அதனால் விதையிலிருந்து வளர்த்ததும் காட்டில் இருப்பதற்கு ஈடாகவே இருக்கும். வெளிர் மஞ்சள் பூ பகலில் விரியும், லேசான மணமும் உண்டு. பெரும்பாலும் ஒரே செடியின் மகரந்தத்தில் விதை பிடிக்காது, இரண்டு வேண்டும்.

டிராகன் ஃப்ரூட் தண்டில் ஒட்டுப்போட்ட கோப்பியாப்போவாக்களும் கிடைக்கின்றன. வேகமாக வளரும், விலையும் குறைவு. ஆனால் உப்பிப்போய், முள் மெலிந்து, முகமே மாறிவிடும். எனக்குப் பிடிக்காது. பிடித்தவர்கள் வாங்கலாம், அதனால் காட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மேற்கு வங்கத்துக் காலிம்போங் நாற்றங்கால்களிலிருந்து வரும் செடிகளில் ஒட்டுப்போடாத கோப்பியாப்போவாவைச் சொந்த வேரோடு தேடிப் பிடிக்கலாம்.

விதை ஒரு மில்லிமீட்டர் அளவு, கறுத்துப் பளபளக்கும். ஐப்பசி கழிந்து இரவு இதமாகும்போது விதைத்தால் நன்றாக முளைக்கும். சலித்த ஆற்று மணல், பொடித்த செங்கல், கொஞ்சம் மட்கிய உரம் போதும். மேலே மூடி போட்டு நிழலில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். முதல் வருடம் முடியும்போதும் அவை சுண்டுவிரல் நகத்தைத் தாண்டியிருக்காது, அவசரப்படுகிறவர்கள் வேறு செடி பார்க்கலாம். விதை வாங்கும்போது கள எண், அதாவது காட்டில் சேகரித்தவர் போட்ட எண், இருக்கிறதா என்று கேளுங்கள். எஃப்ஆர் என்று தொடங்கினால் ரிட்டர் போட்ட எண். தாய்ச்செடியின் மூதாதை எந்தச் சரிவில் நின்றது என்பது வரை அதை வைத்துத் தேடிப் போகலாம். நான் எண்ணைச் சீட்டில் பென்சிலால் எழுதித் தொட்டிக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று வைக்கிறேன். பேனா மை நம் ஊர் வெயிலுக்கு ஆறு மாதம்கூடத் தாங்காது.